சுவர் இல்லாமல் ஒரு சித்திரம்

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐ.நா. ஒரு பெரிய மாநாட்டைக் கூட்டியது. அணுசக்தியால் குண்டு போடுவதைத் தவிர வேறு ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா என்று பேசுவதற்கு. தலைமை வகித்தவர் ஹோமி பாபா. அவர் எழுந்து, சூரியனுக்குள் நடக்கிற அணுக்கருப் பிணைப்பை இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் மனிதன் அடக்கி ஆளக் கற்றுவிடுவான் என்று ஜோசியம் சொன்னார். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் அப்போது இதே வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்துகொண்டிருந்தன. மனுஷன் நடுச்சபையில் போட்டு உடைத்துவிட்டார்.

ஜோசியத்தில் ஒரு சின்னக் குறை. நெருப்பைப் பற்றிச் சொன்னவர், அதைச் சுற்றி நிற்கப்போகிற சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் சுவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பிளாஸ்மா என்கிற, எலக்ட்ரான்கள் கழன்ற பத்துக் கோடி டிகிரி வாயுவைக் காந்தப்புலத்தால் அந்தரத்தில் நிறுத்திவிடுவோம், அது எதையும் தொடாது, தொடாத ஒன்றுக்குச் சுவரைப் பற்றி என்ன கவலை என்பது கொள்கை. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும். மூன்று வல்லரசுகளுக்கும் அது புரிய இருபது வருஷம் பிடித்தது.

சுவர் என்று ஒன்றை ஆசையாகக் கட்டியவர் ஒருவர் உண்டு. அது தனிக்கூத்து. ரொனால்ட் ரிக்டர் என்கிற ஆஸ்திரியர், ஆர்ஜெண்டினாவின் அதிபர் பெரோனிடம் போய், உங்களுக்கு ஒரு சூரியன் செய்து தருகிறேன் என்றார். பெரோன் மகிழ்ந்துபோய், பாரிலோச்சே ஊருக்கு எதிரே ஏரிக்குள் இருக்கும் உவெமுல் தீவை அவர் கையில் ஒப்படைத்தார். ரிக்டர் அங்கே பிரம்மாண்டமாக ஒரு கான்கிரீட் உருளையை எழுப்பினார். எழுப்பிய பிறகு, சரியில்லை, இடியுங்கள் என்றார். ஆக, பிணைப்பு உலைச் சரித்திரத்தின் முதல் பெருஞ்சுவர், உள்ளே ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கப்படாமல் மண்ணோடு மண்ணானது. அதற்காக அறிவிப்பு நிற்குமா? 1951 மார்ச் 24 அன்று பெரோன் நிருபர்களைக் கூட்டி, சூரியன் பிடிபட்டது என்றார். இனிமேல் சக்தி, பால் மாதிரி அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில் விற்கப்படும் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு பால்செய்ரோ உள்ளிட்ட இயற்பியலாளர்கள் தீவுக்குப் போய்ப் பார்த்தார்கள். பாலும் இல்லை, பாட்டிலும் இல்லை.

ரிக்டருக்கு ஒரே ஒரு புண்ணியம் சேர்ந்தது. பிரின்ஸ்டன் வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாட ஆஸ்பென் மலைக்குப் போனார். போன இடத்தில், அது புளுகு, சரி, உண்மையாகச் செய்வதென்றால் எப்படிச் செய்வது என்று யோசித்தார். ஸ்டெல்லரேட்டர் என்கிற யந்திரம் பிறந்தது. பொய் சொன்னவனால் உலகத்துக்கு நன்மை விளைந்த அபூர்வ சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பிளாஸ்மாவை அடைத்துவைக்க ரஷ்யர்கள் 1955-ல் செய்த முதல் வளையம் பீங்கான். உள்ளே மின்னோட்டம் பாய்ந்ததும் பீங்கானில் இருந்த சிலிக்கான் கிளம்பி வந்து பிளாஸ்மாவோடு கலந்து ஜொலித்தது. உலோகத்துக்கு மாறினார்கள், உலோகம் ஜொலித்தது. உள்ளே செலுத்திய சக்தியில் பெரும்பங்கு, சுவரிலிருந்து கிளம்பி வந்த அழுக்கு அணுக்களால் ஒளியாக வெளியே போய்விட்டது. காந்தம் கட்டி வைத்தும் பிளாஸ்மா கசிந்தது; கசிந்தது சுவரைச் சுரண்டியது; சுரண்டியது உள்ளே வந்து பிளாஸ்மாவைக் குளிரவைத்தது. எழுபது வருஷத்துச் சரித்திரம் மொத்தமும் இந்த ஒரே வாக்கியம்தான். மீதி எல்லாம் அதன் மேல் செலவழிந்த பணம்.

இங்கிலாந்து தன் பங்குக்கு ஹார்வெலில் ஜீட்டா என்ற பெரிய அலுமினிய வளையத்தை வைத்துக்கொண்டு, 1958 ஜனவரியில் வெற்றி முரசு கொட்டியது. வெளிவரும் நியூட்ரான்கள் பிணைப்பில் பிறந்தவைதான் என்று 90 சதவீதம் நிச்சயம் என்றார் சர் ஜான் காக்ராஃப்ட். மே மாதத்தில் மீதி 10 சதவீதம் ஜெயித்தது.

சோவியத் ஆட்கள் முரசு கொட்டாமல் வேறொரு காரியம் செய்தார்கள். உட்சுவரை எவர்சில்வரில் அமைத்து, நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சுட்டு, ஒட்டியிருந்த நீராவியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் விரட்டினார்கள். சுத்தம் சோறு போட்டது. 1968-ல் டோக்காமாக் என்று அவர்கள் பெயரிட்ட வளைய யந்திரங்களில் ஒன்றான டி-3, ஒரு கோடி டிகிரியைத் தொட்டது. யாரும் நம்பவில்லை. ஜீட்டாவில் சூடுபட்ட ஆங்கிலேயர்களையே, உங்கள் லேசரைக் கொண்டுவந்து அளந்து பாருங்கள் என்று மாஸ்கோவுக்கு அழைத்தார்கள். 1969-ல் வந்தார்கள், அளந்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது எதிரி நாட்டுக்காரன் கொடுத்த நற்சான்றிதழ். அதன்பின் உலகம் முழுக்க டோக்காமாக் காய்ச்சல்.

சுவருக்கு அரசியல் வந்தது இப்போதுதான்.

சூட்டுக்கு எது தாங்கும் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட டங்ஸ்டன் என்று சொல்லும். 3,422 டிகிரி செல்சியஸ்வரை உருகாது. உலோகங்களில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. குண்டு பல்புக்குள் அத்தனை வருஷம் எரிந்து அனுபவம் வேறு. எனவே 1975 டிசம்பரில் பிரின்ஸ்டன் பெரிய வளையம் உயிர்பெற்றபோது, பிளாஸ்மாவின் விளிம்பு முதலில் உரசுகிற லிமிட்டர் என்கிற பாகத்துக்கு டங்ஸ்டனைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தார்கள். பாபா குறித்த இருபது வருஷக் கெடு முடிந்த ஆண்டும் அதுதான்.

போட்டியின்றி வந்தவர் வழக்கம்போல் காலை வாரினார். பிளாஸ்மா நடுவில் சூடாகவும் ஓரத்தில் குளிராகவும் இருக்க வேண்டும். பிரின்ஸ்டனில் நடுவில் குளிர்ந்தது, ஓரம் சூடாக இருந்தது. காரணம் விநோதமானது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதை வாசலிலேயே பறிகொடுத்துவிடும். கரியிடம் ஆறு, மையத்துக்குள் வருவதற்குள் ஆறையும் இழந்து ஆண்டியாகிவிடும். ஆண்டியால் பெரிய தொல்லை கிடையாது. டங்ஸ்டனிடம் 74. கோடிக்கணக்கான டிகிரியிலும் கடைசிச் சிலவற்றை உயிரே போனாலும் விடாது. அந்த எலக்ட்ரான்கள் மேலும் கீழும் குதித்து, பாடுபட்டுச் சேர்த்த சூட்டை எக்ஸ் கதிராக வெளியே வாரி இறைக்கும். பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டு டங்ஸ்டன் அணு கலந்தாலே, எரியும் பிளாஸ்மாவின் ஆட்டம் முடிந்தது.

உருகாது என்று எண்ணித்தான் பதவியில் உட்கார வைத்தார்கள். அது உருகவே இல்லை. உருகாமலே கெடுத்தது. டங்ஸ்டன் ஆட்சி கலைக்கப்பட்டு, அந்த இடத்தில் கிராஃபைட் வந்தது. 1978-ல் அதே யந்திரம் ஆறு கோடி டிகிரியைத் தொட்டது. பத்திரிகைகள் பிளாஸ்மாவைப் புகழ்ந்தன. சுவரை மாற்றியதால் வந்த வெற்றி என்பதைச் சொல்ல ஒரு நிருபருக்கும் தோன்றியிருக்காது; சுவரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?

இனிக் கரியாட்சி. இருபது ஆண்டுகளுக்கு மேல், பெரிய எதிர்க்கட்சி இல்லாத ஆட்சி. கரி உருகாது, ரொம்பச் சூடானால் நேராக ஆவியாகும். விலை மலிவு. உள்ளே போனாலும் பெரிய கெடுதல் இல்லை. பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர்., இங்கிலாந்தில் கல்ஹாமில் ஐரோப்பியர்கள் கூட்டாகக் கட்டிய ஜெட் என்று எங்கே பார்த்தாலும் கரி ஓடு. ஜப்பானியர்கள் மட்டும் ஜேடி-60 யந்திரத்தில் மாலிப்டினத்துக்கு டைட்டேனியம் கார்பைடு பூசித் தனித்து நின்று பார்த்தார்கள். 1987-ல் அவர்களும் கரிக்கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கோஷ்டி கடைசிவரை மாலிப்டினத்தையே கட்டிக்கொண்டு அழுதது. எந்தக் கட்சியிலும் அப்படிப்பட்ட கொள்கைக்காரர் நாலு பேர் இருப்பார்கள்.

கரிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்: குடி. ஹைட்ரஜன் வாசனை பட்டால் போதும், உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோதனை நடக்கும்போது, வேண்டாத நேரத்தில் கக்கும். 1986-ல் டி.எஃப்.டி.ஆரில் ஜிம் ஸ்ட்ராகன், குடித்ததை முதலில் கக்கவைத்தால் என்ன என்று யோசித்தார். ஹீலியம் பிளாஸ்மாவை மறுபடி மறுபடி ஓட்டி, சுவரிலிருந்த ஹைட்ரஜனைக் கறந்து எடுத்துவிட்டுப் பிறகு சோதனை நடத்தினார். பிளாஸ்மா சும்மா ஜிவ்வென்று எகிறியது. அதற்கு ‘சூப்பர்ஷாட்’ என்று பெயர் வைத்தார்கள். அதாவது உலகத் தரமான இயற்பியல் முனைவர்கள், நாளெல்லாம் சுவர் கழுவி, சில நொடிகள் ஆராய்ச்சி செய்தார்கள். அப்புறம் கழுவினால் மட்டும் போதாது, வெள்ளையடிக்கவும் வேண்டும் என்று ஆயிற்று. ஜெர்மனியின் யூலிஷில் டெக்ஸ்டார் யந்திரத்தின் உட்சுவருக்குக் கரிப் பூச்சு, போரான் பூச்சு, சிலிக்கான் பூச்சு என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்கள். பிரின்ஸ்டனில் லித்தியம் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பிளாஸ்மாவின் குணம் கொஞ்சம் திருந்தியது. காந்தத்துக்குக் கோடிகோடியாகக் கொட்டியவர்களுக்கு, பெயிண்டர் கையில்தான் சாதனை இருக்கிறது என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்!

1991 நவம்பரில் ஜெட்டில் முதல்முதலாக ட்ரிட்டியம் என்கிற கன ஹைட்ரஜனைக் கலந்து எரித்தார்கள். அதற்கு முன் எந்தப் பிணைப்பு யந்திரமும் காணாத சக்தி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஓடுகளின் விளிம்புகள் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தன. அவை தணலாகி, கரி குபுகுபுவென்று கிளம்பிப் பிளாஸ்மாவை மூழ்கடித்தது. இதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் ‘கரி மலர்ச்சி’. தோல்விக்குப் பூப்பெயர் சூட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பறந்து வந்து பிளாஸ்மாவுக்குள் விழுகிற தூசித் துணுக்குக்கு இந்தத் துறையில் ‘யூ.எஃப்.ஓ.’ என்றே பெயர். கேமராவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அடுத்த கணம் சோதனை படுத்துவிடும். வேற்றுக்கிரகவாசி வந்து காரியத்தைக் கெடுத்தான் என்று அறிக்கை எழுதலாம், பொய்யாகாது.

கரியாட்சியைக் கவிழ்த்தது ட்ரிட்டியம்தான். 1997-ல் ஜெட் 16 மெகாவாட் காட்டிச் சாதனை படைத்தது. மாலை மரியாதை எல்லாம் முடிந்து கணக்கு எழுத உட்கார்ந்தபோது கை நடுங்கியது. உள்ளே விட்டது சுமார் 35 கிராம் ட்ரிட்டியம். அதில் பல கிராம் திரும்பி வரவே இல்லை. ட்ரிட்டியம் என்பது கிராம் 30,000 டாலர் அளவில் விலை சொல்லப்படுகிற சரக்கு, கதிரியக்கம் உள்ளது, 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. தேடினால், கரி அதைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, குளிர்ந்த மறைவிடங்களில் படலம் படலமாக ஒதுங்கியிருந்தது. தேர்தலில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் டெபாசிட் போகலாம். கரிக்குப் போகாது, மூலைமுடுக்கெல்லாம் படிந்து கிடந்தது அதன் டெபாசிட்தான். பிற்பாடு பிரான்சில் கட்டத் தொடங்கிய ஈட்டர் என்ற ராட்சத உலையில் இதே வீதத்தில் பதுக்கல் நடந்தால், உரிமம் அனுமதிக்கும் அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும், அப்புறம் உலையை நிறுத்திவிட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று கணக்கு வந்தது.

சரி, வேறு யார் என்று பார்த்தால் பெரிலியம். அணு எண் 4. உள்ளே போனாலும் சாது. ஆக்சிஜனை இழுத்துப் பிடித்துச் சுத்தம் செய்யும். 1798-ல் வோக்லான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தபோது அதன் உப்பு இனிக்கிறது என்று குறித்துவைத்தார்கள். அந்தக் காலத்து ரசாயன விஞ்ஞானிகள் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற துணிச்சல்காரர்கள். பெரிலியத் தூள் நுரையீரலுக்குள் போனால் ஆற்ற முடியாத நோய் என்பது பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு 1,287 டிகிரியில் உருகிவிடும். சூடு தாங்கும் பொருள் தேடிப் புறப்பட்டு, இரும்புக்கு முன்னால் உருகுகிற விஷத்தில் வந்து நின்றார்கள். ஆனாலும் ஜெட்டில் 1989-லேயே அதை ஆவியாக்கிச் சுவரில் பூசிப் பார்த்திருந்தார்கள், பலனும் கிடைத்திருந்தது. ஈட்டருக்கு ஒருவழியாக மூன்று கட்சிக் கூட்டணி உருவானது: பெருஞ்சுவர் பெரிலியத்துக்கு, அடியில் சாம்பல் வாங்கும் டைவர்ட்டரில் சூடு நேராக விழுகிற இடம் கரிக்கு, அதைச் சுற்றி, பழைய குற்றவாளி டங்ஸ்டனுக்கு.

கூட்டணி வேட்பாளர்களைச் சோதித்த சாலைகளைப் பற்றிச் சொல்லாமல் போவது பாவம். அந்த டைவர்ட்டரில் விழும் சூடு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட், சில சமயம் 20. சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்புவது சுமார் 63. இதைப் புரிந்துகொள்ள, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை வாட்டர் ஹீட்டர் ஐம்பதை ஒரே நேரத்தில் போட்டால் என்ன சூடு வருமோ, அத்தனையும் அந்த உள்ளங்கை மேலே. அதுதான் சாதாரண நாள்.

இதைச் செய்து பார்க்க யூலிஷ் ஆய்வு மையத்தில் ஒரு அம்மணி இருக்கிறாள். பெயர் யூடித். தடித்த சுவருள்ள கதிரியக்க அறைக்குள் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிற யந்திரம் அது. நீண்ட பெயரைச் சுருக்கி இப்படி வைத்தார்கள். பைபிளில் வருகிற யூதித்து, எதிரித் தளபதியின் கூடாரத்துக்குள் போய் அவன் தலையைச் சீவி எடுத்து வந்தவள். பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். டங்ஸ்டன் கட்டிக்குள் செம்புக் கலவைக் குழாயைச் செருகி, அதற்குள் தண்ணீர் ஓடவிட்டு, யூடித்தின் முன் நிறுத்துவார்கள். பத்து நொடி சூடு, பத்து நொடி ஆறுதல், மறுபடி சூடு. ஈட்டருக்கு வேண்டிய தேர்ச்சி, 10 மெகாவாட்டில் 5,000 முறை, அதற்கு மேல் 20 மெகாவாட்டில் சில நூறு முறை. இங்கேதான் டங்ஸ்டனின் சுயரூபம் வெளியே வந்தது. குளிரில் அது கண்ணாடிபோல் நொறுங்கும். 1,200, 1,300 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே மணிகள் உருமாறி வலு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தால் ஒழுங்காக இருக்கும். கூட ஒட்டவைத்த செம்போ, சூட்டில் டங்ஸ்டனைவிடச் சுமார் நாலு மடங்கு விரியும். ஒருவர் நகராதவர், ஒருவர் பரந்து விரிபவர். இடையில் மெத்தென்று ஒரு தூய செம்புப் பட்டையை வைத்துத்தான் குடித்தனம் நடத்தவைத்தார்கள். இணைப்பு விட்டுப்போன கட்டி நொடியில் தணலாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ரஷ்யாவில் எஃப்ரெமோவ் நிறுவனம் ஈட்டருக்கென்றே இப்படி ஒரு சித்திரவதைக்கூடம் நடத்துகிறது. குஜராத்தில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் 200 கிலோவாட் எலக்ட்ரான் கற்றையோடு ஒன்று வைத்திருக்கிறது.

இதெல்லாம் சூட்டுச் சோதனை மட்டும்தான். பிணைப்பில் பிறக்கும் 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் சுவரை உள்ளேயே குடையும். அந்த மழையை வருஷக்கணக்கில் பொழியவைத்துப் பார்க்க உலகத்தில் ஒரு சோதனைச் சாலையும் இல்லை. ஸ்பெயினில் கிரனடா பக்கம் இப்போதுதான் கட்டுகிறார்கள். கேள்வித்தாள் அச்சாவதற்கு முன்பே விடை எழுதச் சொன்ன பரீட்சை இது. இருந்தாலும் எழுதுகிறார்கள். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், நியூட்ரான் பட்டால் நெடுங்காலம் கதிரியக்கம் பிடித்துக்கொள்ளும் மாலிப்டினம், நயோபியம் இரண்டையும் நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதில் 1.4 சதவீதம் டங்ஸ்டனும் துளியூண்டு டான்டலமும் சேர்த்து இந்தியாவுக்கென்று ஒரு எஃகு உருவாக்கியிருக்கிறார்கள். முன்வாசலில் விரட்டப்பட்ட டங்ஸ்டன், பின்வாசல் வழியாக எஃகுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

முன்வாசலுக்கும் அது திரும்பிக்கொண்டிருந்தது. மியூனிக் அருகே கார்ஷிங்கில் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு யந்திரக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். ஒரேயடியாகக் கரியைத் தூக்கினால் கலவரம் வரும். தொகுதி தொகுதியாகப் பிடிப்போம். 1999-லிருந்து கரி ஓடுகளின் மேல் டங்ஸ்டன் பூசி, ஒவ்வொரு வரிசையாக மாற்றிக்கொண்டே போனார்கள். 2007-ல் முழுச் சுவரும் டங்ஸ்டன். பிளாஸ்மாவின் ஓரத்தைக் குளிர்ச்சியாக வைத்து, நடுவில் நன்றாகச் சூடேற்றிக் கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தால், டங்ஸ்டன் மையத்தில் போய் உட்காராது என்று கண்டுபிடித்தார்கள். தலைவரை நாற்காலியில் உட்காரவிடாமல் நடக்கவைத்துக்கொண்டே இருப்பது.

இந்த நேரம் பார்த்து டங்ஸ்டனுக்கு மயிர் முளைத்தது. நகோயாவில் தகமுரா குழுவினர், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான டங்ஸ்டன் மேல் ஹீலியம் பிளாஸ்மாவைப் பாய்ச்சி, 2006-ல் விவரம் வெளியிட்டார்கள். பளபளத்த உலோகம் கரேலென்று ஆகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் நானோ அளவில் சுருள்சுருளாக ரோமம். சான் டியாகோவில் செய்து பார்த்தார்கள், அங்கேயும் வளர்ந்தது. விட்டால் இன்னும் வளரும் என்றும் தெரிந்தது. பிணைப்பு உலையின் சாம்பலே ஹீலியம்தான் என்பதால் இது சும்மா வேடிக்கை இல்லை. ஹாலந்தில் மேக்னம் என்றொரு யந்திரம், டைவர்ட்டரில் விழுவது போன்ற பிளாஸ்மாவையே மாதிரிக் கட்டிகள் மேல் நேராகப் பாய்ச்சி, இது போன்ற வம்புகளை ஆராயவென்று கட்டப்பட்டது. ஐம்பது வருஷ அனுபவமுள்ள துறை, உலோகத்துக்கு முடிவெட்டுவது எப்படி என்ற கேள்வியில் வந்து நின்றது.

ஜெட் பயப்படவில்லை. 2009-ல் மூடி, உள்ளேயிருந்த கரி ஓடுகள் அத்தனையையும் தொலைக்கட்டுப்பாட்டுக் கரங்களால் கழற்றி, மேலே பெரிலியமும் கீழே டங்ஸ்டனும் மாட்டி, 2011 ஆகஸ்டில் திறந்தார்கள். ட்ரிட்டியத்தைக் கையாளுவதற்கு முன், அதன் கதிரியக்கமில்லாத உறவினரான டியூட்டீரியத்தில் ஒத்திகை. சுவர் பதுக்கும் அளவு பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் பிளாஸ்மா பழைய தெம்பில் இல்லை என்று தெரிந்தது. கரி இருந்த காலத்தில் அது ஓரமாக நின்று சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியாக்கிச் சிதறவிட்டு, டைவர்ட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாம். இருந்தவரை திட்டித் தீர்த்தவர்கள், போன பிறகு அது செய்த வேலையைச் செய்ய நைட்ரஜன் வாயுவைக் கூலிக்கு அமர்த்தினார்கள். தெம்பும் ஓரளவு திரும்பி வந்தது.

2013-ல் ஜெட்டில் நடந்தது எனக்குப் பிடித்த கட்டம். டங்ஸ்டன் உருகினால் என்ன ஆகும் என்று ஆளாளுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். சரி, உருக்கித்தான் பார்ப்போமே என்று, ஒரே ஒரு தகட்டை வேண்டுமென்றே மற்றவற்றைவிடச் சற்று உயர்த்தி வைத்து, பிளாஸ்மாவின் வீச்சுக்குப் பலி கொடுத்தார்கள். உருகியது, உருகிய குழம்பு மின்னோட்டமும் காந்தப்புலமும் தள்ளிய பக்கம் வழிந்து ஓரமாகக் குவிந்தது. பிளாஸ்மா செத்துப்போகவில்லை. அந்த வருஷம் நவம்பரில் ஈட்டர் ஆட்சிமன்றம், டைவர்ட்டரில் கரிக்குக் கொடுத்திருந்த இடத்தையும் டங்ஸ்டனுக்கே கொடுத்தது. ஈட்டருக்குப் பக்கத்து வளாகத்தில் கரிச் சுவரோடு வாழ்ந்த டோரே சுப்ரா, டங்ஸ்டனுக்குக் கட்சி மாறியதோடு வெஸ்ட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் அது 1,337 நொடி பிளாஸ்மாவைத் தாங்கியது. இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல். 1970-களில் விரட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜெட் 2023 அக்டோபரில் 0.2 மில்லிகிராம் எரிபொருளை எரித்து 69 மெகாஜூல் எடுத்தது. மின்சார வாரியக் கணக்கில் 19 யூனிட். அதுவே உலக சாதனை. டிசம்பரில் ஓய்வு பெறும் நேரம் வந்தது. கடைசிக் கடைசியாக, இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று, வேகமெடுத்த எலக்ட்ரான் கற்றை ஒன்றை வேண்டுமென்றே தன் உட்சுவர் மேலேயே மோதவிட்டார்கள். சேதம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காம். நாற்பது வருஷம் சுவரில் படாமல் பார்த்துக்கொண்டவர்கள், விடைபெறும்போது தீர்த்துக்கொண்ட ஆசை.

கூட்டணியில் மிச்சமிருந்த பெரிலியத்தின் கதையும் முடிந்தது. விஷம், செலவு, சீக்கிரம் தேய்மானம் என்று காரணங்களை அடுக்கி, ஈட்டர் 2023-ல் அதைக் கைவிட்டுப் பெருஞ்சுவரையும் டங்ஸ்டனாக்க முடிவு செய்தது. 2024-ல் புதிய திட்டமாகவே வெளியிட்டது. தனிப் பெரும்பான்மை. ஆனால் டங்ஸ்டனுக்கு ஆக்சிஜனைப் பிடித்துச் சுத்தம் செய்யத் தெரியாது; அதைச் செய்துகொண்டிருந்தது பெரிலியம். ஆகவே ஈட்டர் சுவருக்குப் போரான் பூசும் ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், யூலிஷ் பெயிண்டர்கள் கற்றுக்கொடுத்த அதே பூச்சு. பெரிலியம் அணு எண் 4, கரி அணு எண் 6. இரண்டையும் வெளியேற்றிவிட்டு நடுவிலிருக்கும் 5-ஐ உள்ளே அழைத்து வந்திருக்கிறார்கள். போரானும் ட்ரிட்டியத்தை உறிஞ்சிப் பதுக்கும் ஜாதிதான். எவ்வளவு பதுக்கும் என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.